ஏழாம் நாள் மழைக் கணிப்பை எவ்வளவு நம்பலாம்? நம்ம ஊரிலேயே சோதிக்கும் முறை

வயக்காட்டுத்தம்பி
சேரன்மகாதேவி பக்கம் கார் பருவ நெல் அறுவடைக்கு அறுப்பு மெஷினை ஒரு வாரத்துக்கு முன்னாடியே சொல்லி வைக்கணும். போனில் இருக்கிற ஆப்கள் பத்து நாள், பதினஞ்சு நாள் வரைக்கும் மழை காட்டுது. அதில் எத்தனையாவது நாள் வரை கணக்கில் எடுக்கலாம்? எந்த ஆப் நல்லது என்று மட்டும் சொல்லாமல், நாமே சோதித்துப் பார்க்கிற முறை இருந்தால் படிப்படியாகச் சொல்லுங்க அண்ணாச்சி.

மழைமானி
முறை இருக்கு தம்பி. பெரிய செலவும் கிடையாது. மூணு மாசம் ஒரு நாள் விடாமல் குறிக்கிற பொறுமைதான் வேணும்.

முதல் வேலை, கணிப்பை அன்றன்றே பிடித்து வைப்பது. ஆப் தன் பழைய கணிப்பை அழித்து அழித்து எழுதிக்கொண்டே போகும். வியாழக்கிழமை மழைக்குப் போன வெள்ளிக்கிழமை அது என்ன சொன்னது என்று பிறகு தேடினால் கிடைக்காது. அதனால் தினமும் ஒரே நேரத்தில், காலை 7 மணி என்று வைத்துக்கொள்ளுங்க, பத்து நாள் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அப்படியே ஒரு தாளில் ஏற்றணும். பத்திகள் இவ்வளவு போதும்: கணிப்பு எடுத்த தேதி, எந்தத் தேதிக்கான கணிப்பு, எத்தனை நாள் முன்னதாக, எத்தனை மி.மீ., எத்தனை சதவீத வாய்ப்பு, கடைசியில் உண்மையில் பெய்த மி.மீ. கடைசிப் பத்தியைத் தவிர மற்றதை மழை பெய்த பிறகு தொடவே கூடாது.

இரண்டாவது வேலை மழைமானி. வாயின் உள்விட்டம் 11.3 செ.மீ. இருக்கிற புனல் கிடைத்தால் பரப்பு 100 சதுர செ.மீ. அப்போது சேர்ந்த நீரில் 10 மி.லி. என்றால் 1 மி.மீ. மழை. வேறு அளவுப் புனல் என்றால் உள்விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி 0.785-ஆல் பெருக்குங்க, அதுதான் பரப்பு. சேர்ந்த மி.லி.யை 10-ஆல் பெருக்கிப் பரப்பால் வகுத்தால் மி.மீ. வந்துவிடும். 15 செ.மீ. புனலில் 100 மி.லி. சேர்ந்தால் சுமார் 5.7 மி.மீ. பாட்டிலின் விட்டம் கணக்கிலேயே வராது, புனல் வாய் மட்டும்தான். நிறையப் பேர் தவறுகிற இடம் இதுதான்.

வாய் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், மட்டம் பார்த்து இருக்கட்டும். அதற்குக் கீழே வைத்தால் தரையில் தெறிக்கிற துளி உள்ளே விழும். பக்கத்தில் 10 மீட்டர் தென்னை நின்றால் குறைந்தது 20 மீட்டர் தள்ளி வைங்க. மொட்டைமாடி வேண்டவே வேண்டாம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற மேல்காற்று கைப்பிடிச் சுவரில் மோதிச் சுழன்று துளியைப் புனலுக்கு வெளியே தள்ளிவிடும், அளவு குறைத்துக் காட்டும்.

2 லிட்டர் பாட்டில் 100 சதுர செ.மீ. புனலுக்கு 200 மி.மீ. வரைதான் தாங்கும். அதனால் பாட்டிலை ஒரு வாளிக்குள் வைத்து, வாளி வாயையும் புனல் ஒட்டி மூடுங்க. வழிகிறது வாளியில் சேரும், அதையும் அளந்து கூட்டிக்கொள்ளலாம். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது. அதே புனலுக்கு அது ஒன்பதரை லிட்டர் தண்ணீர்.

அளக்கிற நேரம் காலை 8.30. அதுதான் இந்திய வானிலைத் துறையின் மழை நாள். அதே நேரத்தில் அளந்தால்தான் பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் அளவுகளோடு ஒப்பிட முடியும்.

தூறல்7
அண்ணாச்சி சொன்ன 8.30-ல் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கு, அதை விரித்துச் சொல்கிறேன்.

18-ஆம் தேதி காலை வெளியாகும் மாவட்ட மழைப் பட்டியலில் இருப்பது 17 காலை 8.30 முதல் 18 காலை 8.30 வரை பெய்தது. ஆப்பில் '17-ஆம் தேதி' என்பது 17 நள்ளிரவு 12 முதல் 18 நள்ளிரவு 12 வரை. நம்ம பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை பாதிக்கு மேல் ராத்திரியிலும் விடியற்காலையிலும் பெய்யும். அதிகாலை 3 மணிக்குப் பெய்த மழை ஆப்பில் ஒரு தேதியிலும் உங்கள் மானியில் இன்னொரு தேதியிலும் விழுந்தால், நல்ல கணிப்பும் தப்பாகத் தெரியும். இரண்டு தீர்வு இருக்கு. ஒன்று, ஆப்பில் மூணு மணி நேரக் கட்டம் இருந்தால் காலை 8.30-லிருந்து மறுநாள் 8.30 வரை கூட்டுவது. மாடல்கள், அதாவது வானிலையைக் கணக்கிட்டுக் கணிக்கிற கணினி நிரல்கள், உலகப் பொது நேரத்தில் ஓடும், அந்த நேரப்படி 3 மணி என்பது நமக்கு 8.30, ஆகவே மூணு மணி நேரக் கட்டம் கச்சிதமாகப் பொருந்தும். ஆறு மணி நேரக் கட்டம் பொருந்தாது, அது 5.30, 11.30 என்று வெட்டும். இரண்டாவது, மணிவாரி விவரமே கிடைக்காவிட்டால் நள்ளிரவில் எழுந்து அளக்க முடியாது, எனவே இரண்டு நாள் கூட்டுத்தொகையை ஒப்பிடுவது.

அப்புறம் காலை 7 மணிக்கு ஆப் காட்டுவது எப்போது ஓடிய மாடல் என்பதும் முக்கியம். உலக மாடல் ஒரு ஓட்டத்தைத் தொடங்கி, முடித்து, வெளியிட ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். காலை 5.30 ஓட்டம் நம்ம கைக்கு வரும்போது மத்தியானம். 7 மணிக்குப் பார்ப்பது பெரும்பாலும் முந்தின நாள் மாலை 5.30-இன் நிலவரத்தில் தொடங்கியது. 'நாளைக்கு' என்று அது சொல்வதில் ஏற்கெனவே அரை நாள் பழசு கலந்திருக்கு. அதனால்தான் பார்க்கிற நேரத்தை மாற்றாதீங்க என்கிறோம்.

இன்னொரு பெரிய பொறி. சில தளங்களில் 'கடந்த கால வானிலை' என்று மழை அளவு கொடுப்பார்கள். அது பல நேரம் எந்த மழைமானியிலும் அளந்தது கிடையாது, மாடலைப் பழைய தேதிக்கு ஓட்டிக் கணக்கிட்டது. அதை வைத்துச் சோதித்தால் மாடலை மாடலோடு ஒப்பிடுகிறீர்கள், மதிப்பெண் அள்ளிக் கொட்டும். செயற்கைக்கோள் மழை அளவும் மலையோரத்தில் நம்ப முடியாதது.

ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி: ஓப்பன் மீட்டியோ தளத்தில் முந்தைய ஓட்டங்களைத் தனியாகச் சேமித்துத் தருகிறார்கள். ஒரு நாள் முன்னதாக, இரண்டு நாள் முன்னதாக என்று ஏழு நாள் வரை ஒவ்வொரு மாடலும் என்ன சொன்னது என்பதை ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்து அப்படியே எக்செலில் இறக்கலாம். வணிகப் பயன்பாடு இல்லாவிட்டால் இலவசம்.

கன்னடியன்_கால்
தூறல் தம்பி, அந்த வழி மாடலைச் சோதிக்கும், ஆப்பைச் சோதிக்காது. ஆப்கள் இரண்டு மூன்று மாடல்களைக் கலந்து, திருத்தம் போட்டுத்தான் எண்ணைக் காட்டுகின்றன. வயலில் முடிவெடுப்பவர் பார்ப்பது ஆப்பின் எண்ணை. அதனால் கையால் குறிப்பதையும் விட வேண்டாம்.

தூறல்7
ஒத்துக்கொள்கிறேன் அக்கா. இரண்டையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்துப் பத்தியாக வைக்கலாம். கலந்ததில் லாபம் உண்டா என்பதும் தெரிந்துவிடும்.

வயக்காட்டுத்தம்பி
மதிப்பெண் எப்படிப் போடுவது? நூறு நாளில் எத்தனை நாள் சரி என்று எண்ணினால் போதுமா?

மழைமானி
போதாது. மாசி, பங்குனியில் 'மழை இல்லை' என்று தினமும் சொல்கிற ஒருவருக்கு நம்ம சமவெளியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கிடைத்துவிடும். அதில் திறமை எதுவும் கிடையாது.

இந்தக் குழப்பம் 1884-லேயே வந்தது. அமெரிக்காவில் ஃபின்லி என்பவர் சுழற்காற்றுக் கணிப்புகள் 2,803 வெளியிட்டு, 96.6 சதவீதம் சரி என்று கணக்குக் காட்டினார். கில்பர்ட் என்ற புவியியலாளர், ஒருமுறைகூடச் சுழற்காற்று வராது என்றே சொல்லியிருந்தால் 98.2 சதவீதம் சரியாகியிருக்கும் என்று எடுத்துக் காட்டினார். ஃபின்லி 'வரும்' என்று சொன்ன 100-ல் வந்தது 28. வந்த 51-ல் அவர் சொல்லாமல் விட்டது 23. இந்த எண்கள்தான் விஷயத்தைச் சொல்கின்றன.

அதனால் நான்கு கட்டம் போடுங்க. சொன்னது, பெய்தது: பிடிபட்டது. சொல்லவில்லை, பெய்தது: தவறவிட்டது. சொன்னது, பெய்யவில்லை: பொய் எச்சரிக்கை. சொல்லவில்லை, பெய்யவில்லை: சரியான வறண்ட நாள். ஒவ்வொரு முன்நாளுக்கும் தனித்தனிக் கட்டம். முதல் நாள் கணிப்பையும் ஏழாம் நாள் கணிப்பையும் ஒரே கட்டத்தில் கொட்டிவிடக் கூடாது.

'மழை நாள்' என்றால் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல், வானிலைத் துறையும் அப்படித்தான் வைத்திருக்கிறது. 0.1 மி.மீ.யை மழை என்று எடுத்தால் வீணாகப் போகும். உலக மாடல்களுக்குப் பல நாள் லேசாகத் தூறிக்கொண்டே இருக்கிற குணம் உண்டு.

கணக்கு புரிய ஒரு எடுத்துக்காட்டு, எண்கள் நான் போட்டவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாள், அதில் 32 மழை நாள் என்று வைப்போம்.

முதல் நாள் கணிப்பு: பிடிபட்டது 24, தவறியது 8, பொய் 16, வறண்டது 44.
ஏழாம் நாள் கணிப்பு: பிடிபட்டது 15, தவறியது 17, பொய் 23, வறண்டது 37.

முதல் நாளில் பெய்த 32-ல் 24 பிடிபட்டது, அதாவது 75 சதவீதம். 'மழை' என்று சொன்ன 40-ல் 16 பொய், 40 சதவீதம். ஏழாம் நாளில் பிடிபட்டது 47 சதவீதம், பொய் 60 சதவீதத்துக்குச் சற்று மேல். மொத்தச் சரி முதல் நாளில் 74 சதவீதம், ஏழாம் நாளில் 57 சதவீதம். தினமும் 'மழை இல்லை' என்று சொன்னாலே 65 சதவீதம் வந்திருக்கும்.

இதோடு நிற்காமல் குருட்டு அதிர்ஷ்டத்தைக் கழிக்கணும். ஏழாம் நாளில் 38 முறை 'மழை' என்று சொல்லியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு 38 நாளைத் தொட்டாலே 38 × 32 ÷ 92, சுமார் 13 மழை நாள் மாட்டும். மாட்டியது 15. ஆக மாடல் தன் அறிவால் சேர்த்தது இரண்டு நாள். முதல் நாளில் அதே கணக்குப்படி அதிர்ஷ்டம் 14, மாட்டியது 24. அதிர்ஷ்டத்தைக் கழித்த மதிப்பெண் வேண்டுமென்றால்: (பிடிபட்டது − அதிர்ஷ்டம்) ÷ (பிடிபட்டது + தவறியது + பொய் − அதிர்ஷ்டம்). முதல் நாளுக்கு 0.30, ஏழாம் நாளுக்கு 0.04. சுழியை ஒட்டிப் போகிற நாள் எதுவோ, உங்க ஊருக்கு உங்க ஆப்பின் எல்லை அது.

இன்னொரு போட்டியாளரையும் தாளில் சேருங்க: 'இன்று பெய்தால் நாளையும் பெய்யும்' என்கிற கணிப்பு. வடகிழக்குப் பருவமழையில் மழை கொத்தாக வரும், இந்த எளிய கணிப்பே முதல் நாளில் கெட்டிக்காரத்தனமாக நிற்கும். மாடல் அதைத் தாண்டணும்.

கயத்தாறு_காற்று
மழையை மட்டும் வைத்து மாடலை எடை போடாதீங்க. காற்றுக் கணிப்புக்கு நம்ம மண் ரொம்ப உகந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் நுழைகிற தென்மேற்குக் காற்று பெரிய அளவிலான ஓட்டம், ஆனி முதல் ஆவணி வரை அதன் ஏற்ற இறக்கத்தைப் பல நாள் முன்னதாகவே மாடல்கள் நன்றாகப் பிடிக்கும். காற்றாலைகளுக்கு ஒரு நாளை 15 நிமிடமாக 96 துண்டு போட்டு உற்பத்தி அட்டவணை கொடுக்கிற முறை நடப்பதே அதனால்தான். கணவாய் வாயில் வேகத்தின் அளவு மட்டும் குறைத்துக் காட்டும், ஏனென்றால் மலையின் இடுக்கு மாடல் கட்டத்துக்குள் அடங்காது. அந்தக் குறை தினமும் ஒரே பக்கமாக இருந்தால் சராசரி வித்தியாசத்தைக் கூட்டித் திருத்திவிடலாம். வாழைக்கு முட்டுக் கொடுக்கிறவர்கள் மழைக் கணிப்பைவிடக் காற்றுக் கணிப்பை அதிக நாள் முன்னதாக நம்பலாம்.

வயக்காட்டுத்தம்பி
அப்போ எங்க சேரன்மகாதேவிக்கு மழை மட்டும் ஏன் இவ்வளவு தப்புது? மாஞ்சோலையில் கொட்டும், இங்கே புழுதி பறக்கும், ஆப் ரெண்டுக்கும் ஒரே படம் போடுது.

மழைமானி
மலைதான் காரணம். மாடல்கள் நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும். உலக மாடல்களில் நுட்பமானவை 9 கி.மீ., 13 கி.மீ. கட்டத்தில் ஓடுகின்றன. பொது வெளியீடாக வருவது பல நேரம் 25 கி.மீ. கட்டம். 2025 மே மாதம் வெளியான நம்ம நாட்டு மாடலான பாரத் கணிப்பு அமைப்பு 6 கி.மீ. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து இருக்கிற சரிவும் கீழே மணிமுத்தாறு சமவெளியும் 25 கி.மீ. கட்டத்தில் ஒன்றாகிவிடும். மலை மழுங்கிப்போன மாடலில் மேலே பெய்ய வேண்டியது குறைந்து, கீழே பெய்யக் கூடாதது கூடும். ஆப்பில் ஊர்ப் பெயரைத் தட்டாமல் வரைபடத்தில் இடத்தைக் குத்திப் பாருங்க, அந்தக் கட்டத்தின் உயரம் எத்தனை மீட்டர் என்று காட்டினால் உங்கள் வயலின் உயரத்தோடு ஒப்பிடுங்க. நூற்றுக்கணக்கான மீட்டர் வித்தியாசம் வந்தால் அது மலைக்கான கட்டம்.

அதனால் பருவம் பிரித்துத்தான் சோதிக்கணும். குற்றாலச் சாரல் காலத்தில் சமவெளிக்கு மழை நாளே சொற்பம், கட்டத்தில் எண்ணுவதற்கு ஒன்றும் சேராது. சித்திரை, வைகாசியிலும் கார் அறுப்பு வருகிற புரட்டாசியிலும் பெய்வது வெப்பச்சலன மழை. மன்னார் வளைகுடாவிலிருந்து வருகிற கடல்காற்றும் மேல்காற்றும் எங்கே முட்டுகிறதோ அங்கே சாயங்காலம் இடி கட்டும். அந்த முட்டுமிடம் பத்துப் பதினைந்து கி.மீ. நகர்ந்தால் அம்பையில் (அம்பாசமுத்திரம்) 40 மி.மீ., சேரன்மகாதேவியில் சுழி. இதில் மூணாம் நாளே தடுமாறும். நேரத்தையும் மாடல்கள் முந்திக் காட்டுவதுண்டு, மத்தியானமே பெய்துவிடும் என்று. ஐப்பசி, கார்த்திகையில் குமரிக்கடலில் ஒரு சுழற்சியோ தாழ்வோ வருகிறது என்றால் கதை வேறு. 'அந்த வாரம் மழை வாரம்' என்பது ஐந்து, ஆறு நாள் முன்னதாகத் தெரிய வாய்ப்புண்டு. எந்த வட்டத்தில் எத்தனை செ.மீ. என்பது முந்தின நாள்கூட உறுதியாகாது.

இடம் சற்று விலகியதற்கே கணிப்புக்கு இரட்டைத் தண்டனை கிடைக்கும்: சேரன்மகாதேவியில் பொய் எச்சரிக்கை, அம்பையில் தவறவிட்டது. இதைச் சரிசெய்ய இரண்டு தாள் வைங்க. ஒன்றில் உங்கள் மானி மட்டும். இன்னொன்றில் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், கன்னடியன் அணைக்கட்டு, களக்காடு, மூலக்கரைப்பட்டி இவற்றில் ஏதாவது ஒன்றில் 2.5 மி.மீ. வந்ததா என்பது. இரண்டாவது தாளில் மதிப்பெண் நன்றாகவும் முதலாவதில் மோசமாகவும் இருந்தால், மாடலுக்கு வானம் புரிகிறது, இடம் புரியவில்லை என்று அர்த்தம்.

கன்னடியன்_கால்
இதே இடத்தில் அரசு முன்னறிவிப்பைப் படிக்கிற விதத்தையும் சொல்லணும். 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பரப்பின் மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை. 'சில இடங்களில்' 26 முதல் 50, 'பல இடங்களில்' 51 முதல் 75, 'பெரும்பாலான இடங்களில்' அதற்கு மேல். 'திருநெல்வேலி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை' என்று வந்து ஊத்தில் மட்டும் 7 செ.மீ. பெய்தால் அந்தக் கணிப்பு சரி. என் வீட்டில் பெய்யவில்லை என்று அதைத் தப்பு என்று குறிக்கக் கூடாது. கனமழை என்பதும் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை, மிக கனமழை 204.4 வரை, அதற்கு மேல் அதி கனமழை. இந்தச் சொல்லுக்கு இந்த எண் என்று தெரியாமல் சோதிக்கவே முடியாது.

வேளாண் வானிலை அறிக்கை செவ்வாயும் வெள்ளியும் ஐந்து நாளுக்கு வருகிறது. வெள்ளி அறிக்கையின் ஐந்தாம் நாளை, அடுத்த செவ்வாய் அறிக்கை அதே தேதிக்குச் சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்க. இரண்டும் ஒத்துப்போகிற நாள்களில் பலிப்பு கூடுகிறதா என்று தனியாக எண்ணலாம். ஆப்பிலும் அப்படித்தான்: நாலு நாளாக ஒரே தேதியில் நிலைத்து நிற்கிற மழையும், தினம் ஒரு தேதிக்குத் தாவுகிற மழையும் ஒன்றல்ல.

தூறல்7
சதவீத வாய்ப்பைச் சோதிப்பது தனி வேலை. '30 சதவீதம்' என்று சொன்ன நாள் பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அது தப்பு என்று சொல்ல முடியாது. 30 என்று சொன்ன நாள்களை எல்லாம் ஒரு குவியலாக்கி, பத்தில் மூணு பெய்ததா என்று பார்க்கணும். 0–10, 10–30, 30–50, 50–70, 70–100 என்று ஐந்து குவியல் போதும். ஒற்றை எண்ணாக வேண்டுமானால் பிரையர் 1950-இல் கொடுத்த கணக்கு: வாய்ப்பை 0 முதல் 1-க்குள் எழுதி, பெய்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று வைத்து, வித்தியாசத்தை வர்க்கமாக்கி, எல்லா நாளுக்கும் சராசரி. சிறியது நல்லது. 32/92 மழை நாள் என்றால் தினமும் 35 சதவீதம் என்று சொல்பவருக்கே சுமார் 0.23 வரும். ஆப் அதற்குக் கீழே போனால்தான் அதன் சதவீதத்துக்கு மதிப்பு.

இந்தச் சதவீதங்களின் மூலம் பல ஓட்டக் கணிப்பு. ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம் தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றி 51 ஓட்டம் ஓட்டுகிறது. 51-ல் 40 மழை காட்டினால் ஒரு மாதிரி, 12 காட்டினால் ஒரு மாதிரி. பத்தாம் நாளுக்கு ஒற்றை எண்ணாக '18 மி.மீ.' என்று எழுதுகிற ஆப், இந்த விரிவை மறைத்துவிடுகிறது.

வயக்காட்டுத்தம்பி
மி.மீ. வித்தியாசத்தின் சராசரியை எடுத்தால் ஆகாதா அக்கா? சுலபமாக இருக்குமே.

கன்னடியன்_கால்
வெப்பநிலைக்கு ஆகும். மழைக்கு ஆகாது. 2023 டிசம்பர் 17 மாதிரி ஒரே நாள் தாளில் விழுந்தால் மற்ற தொண்ணூறு நாளின் வித்தியாசமும் அதற்குள் முங்கிப் போகும். வரம்பு வைத்து எண்ணுங்க: 2.5, 15.6, 64.5. அறுப்புக்கு முதல் இரண்டு வரம்பு போதும். 15.6-க்கு மேல் பெய்தால் களிமண் வயலில் டயர் மெஷின் இறங்காது, பெல்ட் மெஷின்தான்.

அப்புறம், கணிப்பு நன்றாக இருக்கிறதா என்பதும், அதை வைத்து நீங்க என்ன செய்யணும் என்பதும் வெவ்வேறு கேள்வி. காயப்போட்ட நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூட 600 ரூபாய் கூலி, நனைந்தால் 6,000 ரூபாய் நட்டம் என்று வைங்க. 600 ÷ 6,000 = 10 சதவீதம். வாய்ப்பு 10-ஐத் தாண்டினாலே மூடுவது லாபம், பொய் எச்சரிக்கை பலமுறை வந்தாலும். மெஷினைத் தள்ளிப்போட்டால் வாடகை முன்பணமும் முற்றிய கதிர் உதிர்வும் சேர்ந்து, நனைகிற நட்டத்தில் பாதி வருமென்றால் 50 சதவீதம் வரை தள்ளக் கூடாது. ஒரே ஆப்பை மூடுவதற்கு நம்பலாம், தள்ளிப்போடுவதற்கு நம்பாமல் விடலாம். யூரியா தூவுவது, மருந்து அடிப்பது எல்லாவற்றுக்கும் இந்த வகுத்தல் தனித்தனியே.

வயக்காட்டுத்தம்பி
சரி, புரட்டாசி முழுக்கக் குறித்துவிட்டுச் சொல்கிறேன். ஒரு மாசம் போதுமா?

மழைமானி
போதாது தம்பி. மழை நாள் எண்ணிக்கைதான் கணக்கு, மாச எண்ணிக்கை இல்லை. 20 மழை நாளில் 14 பிடிபட்டு 70 சதவீதம் என்று வந்தால், அதன் உண்மை மதிப்பு 50-லிருந்து 90 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டு ஆப்பில் ஒன்று 70, இன்னொன்று 60 என்றால் எது மேல் என்று அந்த 20 நாளை வைத்துச் சொல்லவே முடியாது. புரட்டாசியில் தொடங்கி மார்கழி வரை போங்க, வெப்பச்சலன நாள்களையும் வடகிழக்குப் பருவ நாள்களையும் தனித்தனித் தாளில் எண்ணுங்க. அடுத்த வருசமும் அதே மானி, அதே இடம், அதே 7 மணி. நடுவில் ஆப் மாடலை மாற்றிக்கொண்டால் அந்தத் தேதியில் ஒரு கோடு போட்டுவிட்டு, அங்கிருந்து புதிதாக எண்ணத் தொடங்குங்க.

குறிக்க மறந்த நாளை வெற்றாக விடுங்க, பிறகு ஞாபகத்தில் நிரப்ப வேண்டாம். மழை இல்லாத நாளுக்கு 0 என்று எழுதணும். வெற்றும் சுழியும் கலந்துவிட்டால் தாள் முழுக்கப் போய்விடும்.

வயக்காட்டுத்தம்பி
புனல் வாயில் வேப்பிலை விழுந்து அடைக்குமே, வலை போடலாமா?

மழைமானி
போடலாம், ஆனால் வாய் மேல் வேண்டாம், துளி வலையில் பட்டுத் தெறிக்கும். புனலின் கழுத்துக்குள் சிறு கம்பி வலையைச் சுருட்டிச் செருகுங்க. வாரம் ஒரு தடவை எடுத்துக் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு இறங்குகிறதா பாருங்க. அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு வைக்க மறக்காதீங்க.